தாது வருஷப் பஞ்சமும் வில்லியனூர் மாதாவும்

2021 மே மாதம் அப்பா போய்ச் சேர்ந்தார். கொரோனா இரண்டாவது அலை. நான் பெங்களூரிலிருந்து கிளம்பி, பாகூர் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று ராத்திரி அம்மா சொன்னாங்க: "மாதா கூடவேதான்டா இருந்தாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. "கூட இருந்து என்னம்மா செஞ்சாங்க?"

அம்மா வாதம் பண்ணவில்லை. வரிசையாக ஆட்களைச் சொன்னாங்க. யாரும் தொடப் பயந்த நேரத்தில் அப்பாவைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்த தம்பி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆக்சிஜன் சிலிண்டர் தேடி அலைந்த பக்கத்து வீட்டுப் பையன். தினமும் வாசல் திண்ணையில் சோறு வைத்துவிட்டுப் போன எதிர்வீட்டு அக்கா. இதில் பாதிப் பேர் கிறிஸ்தவர்களே இல்லை.

இதெல்லாம் ஒரு பதிலா என்று தோன்றியது. என் தொழில் புத்தி அப்படி. சர்வருக்கு பிங் அனுப்புவோம். பதில் வராவிட்டால் அது செத்துப்போச்சு. பத்து நாள் ஜெபமாலை சொன்னோம், அப்பா பிழைக்கவில்லை, அப்போ அந்தப் பக்கம் யாரும் இல்லை. இவ்வளவுதான் என் கணக்கு.

அந்தக் கணக்கில் எங்கே பிழை என்று தேட ஆரம்பித்தது வில்லியனூரிலிருந்து. அம்மா வருஷம் தவறாமல் போகும் இடம் அது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற வழியில் சுமார் 10 கி.மீ. திருக்காமீஸ்வரர் கோயில் இருக்கிற அதே ஊரில்தான் லூர்து மாதா திருத்தலமும் இருக்கிறது. சிவன் கோயிலுக்குக் குளம் இருக்கிற மாதிரி மாதா கோயிலுக்கும் குளம் உண்டு. ஈஸ்டர் முடிந்ததும் கொடியேற்றம், தேர். சின்ன வயதில் எனக்கு அது திருவிழாக் கடைகளும் பொரியும்தான். வருஷத்தைக் கவனித்ததே இல்லை. பிரான்சிலிருந்து மாதா சுரூபம் அங்கே வந்தது 1877இல்.

1877 என்றால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரணும். தாது வருஷப் பஞ்சம். 1876இல் மழை பொய்த்து 1878 வரை நீண்டது. இந்தியாவில் மொத்தம் 55 லட்சம் பேர் செத்ததாக ஒரு மதிப்பீடு. அதற்கு மேல் சொல்பவர்களும் உண்டு. சென்னை மாகாணம்தான் அதிகம் அடிவாங்கியது. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் முடிவு கட்டினார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. மாகாணத்தின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ், இது ஆளைக் கொல்லும் கூலி என்று சண்டை போட்டார். வில்லியனூர் பிரெஞ்சு மண். ஆனால் கொஞ்ச தூரத்தில் பிரிட்டிஷ் தென்னாற்காடு. மேகம் எல்லை பார்த்துப் பொய்ப்பதில்லை.

அந்த வருஷத்தில்தான் மாதா வந்திருக்கிறாள். வந்ததால் மழை கொட்டியது, பஞ்சம் ஓடியது என்று எழுத ஆசையாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. நடந்தது வேறு. புதுச்சேரி மறைமாவட்டத்தில் அந்தப் பஞ்சக் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். கஞ்சிக்காக மாறியவர்கள் என்ற ஏச்சு அன்றிலிருந்து இன்றுவரை இருக்கிறது. பசியைக் காட்டி ஆள் சேர்ப்பது தப்புதான், அதில் எனக்கு ரெண்டு கருத்தில்லை. ஆனால் வாங்கிக் குடித்தவன் பக்கம் நின்று பார்த்தால், கஞ்சி தனி, கடவுள் தனி என்று பிரித்துப் பார்க்க அவனுக்கு என்ன அவசியம்?

லூர்து நகரின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1858இல் மாதாவைக் கண்டதாகச் சொன்ன பெர்னதெத், 14 வயதுப் பெண். அப்பாவின் மாவு மில் நொடித்துப்போய், குடும்பமே பழைய ஜெயில் அறை ஒன்றில் குடியிருந்தது. ஆஸ்துமா வேறு. அவள் கையால் தோண்டிய ஊற்றில் குணமானதாகச் சொன்னவர்கள் ஏராளம்; அதில் திருச்சபை புதுமை என்று ஏற்றுக்கொண்டது சுமார் 70தான். அந்தக் கணக்கில் பெர்னதெத் இல்லை. முழங்காலில் எலும்பு டிபியோடு அவஸ்தைப்பட்டு, 1879இல், 35 வயதில் இறந்தாள். அந்த ஊற்று தனக்கானது இல்லை என்று அவளே சொன்னதாகச் சொல்வார்கள். இந்த உலகத்தில் சந்தோஷம் தருவதாக மாதா அவளுக்கு வாக்குக் கொடுக்கவும் இல்லை. குணமாவதுதான் கடவுள் இருப்பதற்கு அடையாளம் என்றால், மாதாவைக் கண்ட பெண்ணுக்கே அடையாளம் கிடைக்கவில்லை.

பிறகு பைபிளைத் திரும்பப் படித்தேன். எம்மாவுக்குப் போன இரண்டு சீடர்கள் வழி நெடுக இயேசுவோடு நடந்தார்கள், அடையாளம் தெரியவில்லை. தெரிந்தது, அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோது. தெரிந்த அடுத்த கணம் ஆளைக் காணோம். அதன் பிறகுதான் வழியில் பேசும்போதே நெஞ்சு சுட்டதே என்று பேசிக்கொள்கிறார்கள். மத்தேயு 25 இன்னும் விசித்திரம். பசித்தவனுக்குச் சோறு போட்ட நல்லவர்களும், உம்மை எப்போது பார்த்தோம் என்றுதான் கேட்கிறார்கள்! கெட்டவர்களும் அதே கேள்விதான். இரண்டு கட்சிக்கும் அடையாளம் தெரியவில்லை. வித்தியாசம் சோற்றில் மட்டும்தான். இந்த அதிகாரத்தை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், இது மண்டையில் ஏறியதே இல்லை.

பதில் வருகிறதா என்று நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வாசல் திண்ணையைப் பார்த்திருக்கிறாங்க.

ஒன்று சொல்லியாக வேண்டும். இதைத் துக்க வீட்டில் போய்ப் பேசாதீர்கள். அப்பா இறந்தபோது, எல்லாம் கடவுளின் திட்டம் என்று போனில் சொன்னவர்களை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள்தான். பேச ஆரம்பித்ததும் எல்லாம் கெட்டது. அம்மா தன் துக்கத்தைப் பற்றித் தானே சொன்னாங்க. அதை நான் இன்னொருத்தரிடம் போய்ச் சொல்ல முடியாது. எனக்கும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றில்லை. அப்பா ஏன் என்ற கேள்விக்கு எம்மாவிலும் பதில் கிடையாது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு. நான் இந்தத் தடவை வீட்டில் இருந்தேன். எங்கள் வீட்டுக்கு மாடி உண்டு, எதிர்வீட்டு அக்காவுக்கு இல்லை. அவர்கள் குடும்பம் ரெண்டு ஆடோடு மாடிக்கு வந்துவிட்டது. கரண்ட் இல்லை, போன் செத்துவிட்டது. அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு பெரிய குண்டானில் கஞ்சி வைத்தாங்க.

"என்னம்மா, மாதா வந்தாங்களா?" என்று சும்மா சீண்டினேன்.

"முதல்ல அந்தப் பாட்டிக்குக் கொண்டுபோய்க் குடு. ஆறிடப் போவுது."