அந்நியருக்கும் அதே கூலி



தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்த ஜீவா 1907-ஆம் ஆண்டு பிறந்த ஊர் நமது பூதப்பாண்டி. இன்று நம் பகுதியில் வீடு கட்டும் இடங்களிலும் செங்கல் சூளைகளிலும் உணவகங்களிலும் வட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் உழைக்கிறார்கள். "வடநாட்டு ஆட்கள் என்றால் கூலி குறைவு" என்று நாமும் இயல்பாகப் பேசுகிறோம். இது சரிதானா?

1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி, அட்டவணையிலுள்ள தொழில்களில் அரசு நிர்ணயித்த தொகைக்குக் கீழே கூலி கொடுக்கக் கூடாது; தொழிலாளியே சம்மதித்தாலும் அது செல்லாது. ஒப்பந்தக்காரர் அழைத்துவரும் வெளிமாநிலத்தவருக்கு, அதே வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளிக்கு இணையான கூலி தரவேண்டும் என்றது 1979-ஆம் ஆண்டுச் சட்டம்.

2025 நவம்பர் 21 முதல் இவற்றுக்குப் பதிலாகப் புதிய சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. குறைந்தபட்சக் கூலி இப்போது அட்டவணைத் தொழில்களுக்கு மட்டுமன்றி எல்லாத் தொழில்களுக்கும் உரியது. ஆனால் வெளிமாநிலத்தவருக்கென எழுதப்பட்ட அந்தச் சமகூலி விதி புதிய தொகுப்பில் இடம்பெறவில்லை. எனவே குறைந்தபட்சத்துக்கு மேலே ஒருவருக்கு ஒரு கூலி, மற்றவருக்கு வேறு கூலி என்பதைத் தடுக்கும் பொறுப்பு நம் மனச்சான்றின்மேல் விழுகிறது.

அவர்களது கூலி குறைவது வேலை குறைவதால் அல்ல. வாங்கிய முன்பணம், ஒப்பந்தக்காரரின் கமிஷன், மொழி தெரியாமை, கேட்க ஆளில்லாமை ஆகியவையே காரணம். "இவர்கள் வந்ததால் எங்கள் வேலை போயிற்று" என்று நம் கொத்தனார்களும் கையாட்களும் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தை நாம் தள்ளிவிட முடியாது. ஆனால் வந்தவருக்கும் அதே கூலி என்றால், மலிவுக்காக உள்ளூர்த் தொழிலாளியை ஒதுக்க எவருக்கும் காரணம் இராது. அந்நியரின் உரிமை நம்மவரின் பாதுகாப்பும் ஆகும்.

ஏழைக் கூலியாள் உன் இனத்தவனாயினும் அந்நியனாயினும், கதிரவன் மறையுமுன் அவனது கூலியைக் கொடு என்று இணைச்சட்ட நூல் (24:14-15) கட்டளையிடுகிறது. திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் நீதியான கூலியை வலியுறுத்தினார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல், புலம்பெயர்ந்தவர் வேலை உரிமைகளில் மற்றவரைவிடத் தாழ்த்தப்படலாகாது என்று போதித்தார்.

நம் பிள்ளைகளும் வளைகுடா நாடுகளில் அந்நியர்களே. ஒரே வேலைக்கு நாட்டைப் பார்த்துச் சம்பளம் தருகிறார்கள் என்று அவர்கள் சொல்லும்போது நம் நெஞ்சு கொதிக்கிறது அல்லவா? அப்படியானால், நம் வீட்டு வேலையை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்போம்: இவருடைய கைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது? இதே வேலைக்கு நம்மூராருக்கு எவ்வளவு? இரண்டு விடைகளும் ஒன்றாகும்வரை விடாமல் கேட்போம்.