பிடியரிசி

அறம் என்றவுடன் பெருஞ்செல்வர் கட்டிய மடங்களும் வெட்டிய குளங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், யாழ்ப்பாணத்துக் குசினிகளிலே பிறர் கண்ணிற் படாது நிகழ்ந்துவந்த அறமொன்றும் உண்டு. அதுவே பிடியரிசி. அதற்குக் கல்வெட்டும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை.

உலையில் அரிசி இடுமுன் இல்லத்தரசி ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையொன்றில் இடுவாள். பானை நிறைந்ததும் அது கோயில் அன்னதானத்துக்கோ, மடத்துக்கோ, வறியவர் வீட்டுக்கோ போய்ச் சேரும். ஒரு பிடி குறைந்ததனால் எவரும் பசியோடு எழுவதில்லை. ஆனால் கணக்கைச் சற்றுப் பாருங்கள். ஒரு பிடி ஏறத்தாழ 40 கிராம் எனக் கொண்டால், 30 நாளில் 1,200 கிராம் ஆகும். ஓர் ஒழுங்கையிலுள்ள 25 வீடுகள் சேர்ந்தால் 30 கிலோ. அஃதாவது, நாளொன்றுக்கு ஒரு கிலோ அரிசி. ஐவர் கொண்ட ஒரு குடும்பத்தின் இருவேளைச் சோற்றை அவ்வொழுங்கையே தாங்கிவிடும்!

நம் நாட்டில் இத்தகைய அறங்களுக்குக் குறைவில்லை. 1877ஆம் ஆண்டளவில் பஞ்சம் வாட்டியபோது, ஆறுமுக நாவலர் பொருளுடையோரிடம் திரட்டிக் கஞ்சித் தொட்டி நடத்தினார். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதி முருகனை மக்கள் இன்றும் ‘அன்னதானக் கந்தன்’ என்றே அழைக்கின்றனர். செத்த வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் அயலவர் சோறு சமைத்துக் கொண்டு செல்லும் வழக்கத்தை அறியாதார் யார்?

பஞ்சம் பழங்கதை என எண்ணியிருந்தோர்க்கு 2022ஆம் ஆண்டு நல்ல பாடம் புகட்டிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, உணவு விலை ஓராண்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 95 ஏறியிருந்தது. முன்னர் 1,000 ரூபாய்க்கு வாங்கியதற்கு ஏறத்தாழ 1,950 ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று. கூலியோ அவ்வாறு ஏறவில்லை. விலையேற்றத்தின் வேகம் பின்னர் தணிந்ததாயினும், அக்காலத்தில் வாங்கிய கடன் பல வீடுகளை விட்டு எளிதில் அகலவில்லை.

ஆசிரியராகிய நாம் வறுமையை முதலில் காண்பது வரவுப் பதிவேட்டிலேதான். இலவசக் கல்வி 1945 முதல் நமக்குண்டு. பாடநூலும் சீருடைத் துணியும் அரசு தருகின்றது. ஆயினும் கொப்பியும் சப்பாத்தும் பஸ் காசும் வீட்டிலிருந்தே வரவேண்டும். அவை இல்லாத நாளில் பிள்ளை ‘காய்ச்சல்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. வறுமையை ஒப்புக்கொள்வதினும் நோயைச் சொல்வது அதற்கு எளிதாயிருக்கிறது.

இவ்விடத்தேதான் கொடுக்கும் முறை முக்கியமாகிறது. நாமறிந்த கடைக்காரர் ஒருவர், தவணை தொடங்கும் வாரத்தில் கொப்பிகளைக் கட்டி வைத்து, “உங்களுக்கு முன்னமே காசு கட்டியாச்சு, தம்பி, கொண்டு போங்கோ” என்று கொடுப்பார். கட்டியவர் யாரென்று பிள்ளை அறியாது. பெற்றவர் யாரென்று கட்டியவரும் அறியார். இன்றோ, ஒரு பை அரிசி கொடுப்பதைப் பத்துப் பேர் நின்று படம் பிடிக்கின்றனர். அப்படத்தை மறுநாள் வகுப்புத் தோழர் காண்பர் என்பதைச் சிந்திப்போர் சிலரே. பசி ஒரு நாளில் தீரும். நாணம் அவ்வளவில் தீருமோ?

“இவற்றால் வறுமை ஒழியுமா?” எனச் சிலர் வினவலாம். ஒழியாது. தொழிலும் தக்க கூலியும் வேண்டும்; அது அரசின் கடன். ஆயினும் அவை வரும்வரை இன்றிரவு அடுப்பு காத்திருக்க மாட்டாது.

அன்னையர்க்கு நாம் கூறுவது இதுவே: குசினியில் ஒரு சிறு பானையை வையுங்கள். நாள்தோறும் அதில் ஒரு பிடி இடும் பணியை வீட்டின் கடைக்குட்டியிடம் ஒப்படையுங்கள். மாணவர்களே, பக்கத்து வாங்கில் இருப்பவன் கொப்பியின்றி வந்தால், உம்முடையதில் ஒன்றை ஓசையின்றி அவன்பால் நகர்த்துங்கள். ஈகை என்னும் பாடத்தை வேறெங்கும் தேடிச் செல்ல வேண்டியதில்லை.