வேண்டாத செடியா எருக்கு?

மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் நோக்கி லூப் ரோட்டில் நடந்தால், நொச்சிக்குப்பம் வரும். பெயரிலேயே ஒரு செடியை வைத்திருக்கும் மீனவர் குப்பம் அது. ஆனால், இன்று நாம் பார்க்கப் போவது நொச்சியை அல்ல. கடலோர மணலிலும், சாலை ஓரத்திலும் யாரும் விதைக்காமல், தண்ணீர் ஊற்றாமல், ஆண்டுக்கணக்கில் வாழ்கிறதே, அந்த எருக்கஞ்செடியை!

விநாயகர் சதுர்த்தி அன்று எருக்கம்பூ மாலையைத் தேடி வாங்குகிறோம். மற்ற நாட்களில் களை என்று வெட்டி எறிகிறோம். ஆனால், வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிக்கு எருக்குதான் தொட்டில், எருக்குதான் சோறு.

ஆரஞ்சு நிற இறக்கை, கறுப்பு ஓரம், நுனியில் வெள்ளைப் பொட்டுகள். இதுதான் அதன் அடையாளம். தாய்ப் பூச்சி இலையின் அடியில் ஒவ்வொரு முட்டையாக இடும். சில நாட்களில் புழு வெளிவரும். உடம்பெல்லாம் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள். கொம்பு போல மூன்று ஜோடி கறுப்பு இழைகள்!

எருக்கம்பாலில் நஞ்சு உண்டு. புழுவுக்கு அது ஒன்றும் செய்யாது. மாறாக, அந்த நஞ்சை உடம்பில் சேர்த்துக் கொள்ளும். பட்டாம்பூச்சியான பிறகும் நஞ்சு இருக்கும். தெரியாமல் பிடித்துத் தின்ற பறவை வாந்தி எடுக்கும். மறுபடி அந்த நிறத்தைத் தொடாது. அதனால்தான் வெந்தய வரியன் அவசரமே இல்லாமல் பறக்கிறது. இன்னொரு வேடிக்கை! நஞ்சே இல்லாத வேறொரு வகைப் பெண் பட்டாம்பூச்சியும், இதைப் போலவே வேஷம் போட்டுத் தப்பித்துக் கொள்கிறது.

அமெரிக்காவின் மொனார்க் பட்டாம்பூச்சியும் இதற்கு உறவுதான். எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த பால்செடிகளைத்தான் அதன் புழுக்கள் தின்னும். வயல்களில் களைக்கொல்லி தெளித்து அச்செடிகளை அழித்ததால், மொனார்க்கும் குறைந்து விட்டது.

பட்டாம்பூச்சித் தோட்டம் என்றால் பூ மட்டும் போதாது. புழு தின்ன இலையும் வேண்டும். எனவே, எருக்கை வெட்டும் முன், இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முட்டையோ புழுவோ இருந்தால் விட்டு விடுங்கள். ஓர் எச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தொட்டால் உடனே சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

உங்கள் தெருவில் எத்தனை எருக்கஞ்செடிகள் இருக்கின்றன? இன்று மாலையே எண்ணிப் பாருங்கள், செல்வங்களே!