பனிக்காலத்து உஷ்ணக் கமலை

பூஜ்ய டிகிரிக்குக் கீழே பத்து டிகிரி குளிர்ந்த காற்றிலிருந்து உஷ்ணத்தை இறைத்து, அதைக் கொண்டு ஒரு வீட்டையே கதகதப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், "கல்லில் நார் உரிப்பது என்பது இதுதான் போலும்!" என்று நாம் சிரிப்போம். ஆனால் நார்வே தேசத்தில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் இன்று இந்தக் காரியத்தைத்தான் செய்து வருகின்றன. சுவருக்கு வெளியே ஒரு பெட்டி. உள்ளே ஒரு பெட்டி. இரண்டையும் இணைக்கும் இரண்டு செப்புக் குழாய்கள். சாமான் இவ்வளவுதான். விறகு இல்லை, எண்ணெய் இல்லை, புகையும் இல்லை. ஆங்கிலத்தில் இதற்கு 'ஹீட் பம்ப்' என்று பெயர். நார்வேக்காரர்கள் 'வர்மெபும்பெ' என்கிறார்கள். நாம் 'உஷ்ணக் கமலை' என்று சொல்லலாம். அந்தப் பெயர் ஏன் பொருத்தம் என்பதைப் பார்ப்போம்.

குளிரில் உஷ்ணம் ஏது?

இது எந்தப் பள்ளிக்கூடத்துப் பையனும் கேட்கக்கூடிய கேள்வி, நியாயமான கேள்வியுங்கூட. குளிர் என்பது தனியாக ஒரு வஸ்து அல்ல. உஷ்ணத்தின் குறைவுக்கே குளிர் என்று பெயர். உஷ்ணம் எல்லை மட்டும் வற்றிப்போகும் நிலை பூஜ்யத்துக்குக் கீழே 273 டிகிரியில்தான் இருக்கிறது. ஆகையால் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியில் உள்ள காற்றுக்கூட அந்த எல்லைக்கு 263 டிகிரி மேலே நிற்கிறது. அதில் உஷ்ணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் தண்ணீரைப் போலவே உஷ்ணமும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் தானாக ஓடும். பள்ளத்திலிருந்து மேட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால் யாராவது இறைத்தாக வேண்டும்.

நம் ஊர்க் கமலைக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். மாடு தின்பது வைக்கோல். சால் கொண்டுவருவது தண்ணீர். வைக்கோல் தண்ணீராக மாறுவதில்லை. கிணற்றில் ஏற்கனவே இருக்கும் தண்ணீரை மேலே தூக்குவதற்கே அது செலவாகிறது. சாதாரண மின்சார அடுப்பில் ஒரு பங்கு மின்சாரம் ஒரு பங்கு உஷ்ணமாக மாறும். அதற்கு மேல் ஒரு துளியும் கிடைக்காது. உஷ்ணக் கமலையிலோ ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு உஷ்ணம் வீட்டுக்குள் வருகிறது. இதமான நாட்களில் நான்கு பங்கும் வரும். கடுங்குளிரில் இரண்டு பங்காகக் குறையும். கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக மாடு அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறதல்லவா? அதே நியாயந்தான்.

கமலையின் சாலாக இங்கே வேலை செய்வது ஒரு விசேஷ திரவம். இக்காலத்து யந்திரங்கள் பலவற்றில் இருக்கும் 'ஆர்-32' என்பது சாதாரண அழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு நார்வேயின் பனிக்காற்று அடுப்பு மாதிரி! வெளிப்பெட்டியில் அந்தத் திரவம் காற்றின் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. மின்சார அமுக்கி அந்த ஆவியை நெருக்கிச் சூடேற்றுகிறது. உள்பெட்டிக்கு வந்ததும் ஆவி தன் உஷ்ணத்தை அறைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் திரவமாகிறது. பிறகு ஒரு சிறு துவாரத்தின் வழியே அழுத்தம் தணிந்து வெளிப்பெட்டிக்குத் திரும்புகிறது. வீட்டிலுள்ள ரெப்ரிஜிரேட்டரின் பின்புறத்தையோ பக்கத்தையோ தொட்டுப் பார்த்தால் இந்தத் தத்துவம் கைக்கே விளங்கும். உள்ளேயிருந்து இறைத்த உஷ்ணம் அங்கேதான் கொட்டப்படுகிறது.

யோசனை புதிதன்று. பின்னால் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்ற வில்லியம் தாம்ஸன் 1852-ம் வருஷத்திலேயே இதை எழுதி வைத்தார். 1938-ல் ஸ்விட்ஜர்லாந்தில் ஜூரிச் நகரசபை மண்டபத்துக்கு, அருகில் ஓடும் லிம்மாத் நதியின் குளிர்ந்த ஜலத்திலிருந்து உஷ்ணம் இறைத்தார்கள். ஆயினும் சாதாரணக் குடும்பங்கள் வாங்கும்படியாக இது மலிந்தது பிற்காலத்தில்தான். 2020-ம் ஆண்டு முதல் கட்டிடங்களை மண்ணெண்ணெய் முதலிய கனிஜ எண்ணெய்களால் சூடாக்குவதை நார்வே அரசாங்கம் தடுத்துவிட்டது. அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் தேசமாகையால், மக்களும் எளிதில் இந்த யந்திரத்துக்கு மாறினார்கள்.

ஓசையில்லாத நஷ்டம்

இந்த யந்திரத்திடம் ஒரு விபரீத குணம் உண்டு. அலட்சியம் செய்தால் இது நின்றுபோவதில்லை, ஓடிக்கொண்டேயிருக்கும். மூன்று பங்கு உஷ்ணம் கொடுத்தது இரண்டு பங்கு கொடுக்கும். பிறகு ஒன்றரைப் பங்கு கொடுக்கும். குறைகிற உஷ்ணத்தைச் சுவரிலுள்ள மின்சார அடுப்புகள் சத்தமின்றி ஈடு செய்துவிடும். வீட்டில் கதகதப்பு இருக்கும். ஒருவருக்கும் சந்தேகம் தோன்றாது. மாதக் கடைசியில் பில் வரும்போதுதான் குட்டு வெளிப்படும். 2021-22 குளிர்காலத்தில் தெற்கு நார்வேயில் மின்சார விலை முன்பு காணாத அளவுக்கு ஏறி, டிசம்பரிலிருந்து அரசாங்கமே குடும்பங்களின் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ள வேண்டி வந்தது. அத்தகைய காலத்தில் தூசி படிந்த ஒரு வலை, குடும்பத்தின் பணப்பையை மெல்ல மெல்ல அரித்துவிடும். கடுங்குளிர் இரவில் யந்திரம் உண்மையாகவே கைவிட்டால், அது குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஆபத்தாகவும் முடியும்.

ஆகையால்தான் அங்கே ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கடமையை வகுத்து வைத்திருக்கிறார்கள்.

இலையுதிர் காலம்

பரீட்சைக்கு முன்பே பாடத்தைப் படித்துவிடவேண்டும் அல்லவா? அதுபோல் செப்டம்பரிலேயே யந்திரத்தை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். குறை இருந்தால் ரிப்பேர் செய்பவர் வந்து போக அவகாசம் இருக்கும். முதற் பனி விழுந்த பிறகு அவரைத் தேடினால், ஊரெல்லாம் அவரைத் தேடிக்கொண்டிருக்கும்.

உதிர்ந்த இலைகள் வெளிப்பெட்டியின் முதுகுப்புறத்தில் ஒட்டிக்கொண்டு காற்றை மறைக்கும். அவற்றைக் கையால் எடுத்துவிட வேண்டும். பெட்டி தரையில் உட்காராமல், பனி குவியும் உயரத்துக்கு மேலே ஒரு தாங்கியில் நிற்க வேண்டும். அதன் அடியில் ஜலம் வடிந்துபோக வழி இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும். சிலர் யந்திரம் அழகாக இல்லையென்று மரத்தால் ஒரு கூண்டு செய்து மூடிவிடுகிறார்கள். பலகைகள் நெருக்கமாக இருந்தால், யந்திரம் தான் வெளியே தள்ளிய குளிர்ந்த காற்றையே திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். இறைத்த கிணற்றிலேயே மறுபடியும் இறைக்கிற கதைதான்!

குளிர்காலம்

வெளிப்பெட்டி தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்திருப்பதால், காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் உறைபனியாகப் படிகிறது. யந்திரம் சிறிது நேரத்துக்கு ஒருமுறை தன் ஓட்டத்தைத் தலைகீழாக்கி, வீட்டிலிருந்து கொஞ்சம் உஷ்ணத்தைக் கடன் வாங்கி, அந்தப் பனியை உருக்கிக்கொள்ளும். அப்போது உள்ளே விசிறி நின்றுவிடும். வெளியே புகைபோல ஆவி கிளம்பும். புதிதாக யந்திரம் வாங்கியவர்கள் தீப்பிடித்துவிட்டதென்று பதறுவதுண்டு. பதற வேண்டியதில்லை, சில நிமிஷங்களில் தானே சரியாகிவிடும்.

இதில் ஒரு விந்தை. கடுங்குளிரைவிட மிதமான குளிர்தான் உறைபனிக்குத் தாய்வீடு. பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் காற்று வறண்டுவிடும். படிவதற்கு ஈரம் இராது. பூஜ்யத்தை ஒட்டிய ஈரக் காற்றில்தான் பெட்டி அடிக்கடி வெள்ளையாகும். ஆகையால் ஓயாமல் மழை பெய்யும் பெர்கன் நகரவாசி, உள்நாட்டுக்காரனைவிட இதில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். கடற்காற்றின் உப்பு உலோகத்தைத் தின்பது அவனுக்கு மற்றொரு கவலை.

உருகிய ஜலம் வடியாமல் அடியிலேயே உறைந்து வளர்ந்தால், பனிக்கட்டி விசிறியைத் தொட்டு அதை முறித்துவிடும். அப்போது தடியால் தட்டுவதோ கத்தியால் குத்துவதோ கூடவே கூடாது. மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கும்; குழாயில் துவாரம் விழுந்தால் செலவு பெருஞ்செலவாகிவிடும். யந்திரத்தை நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான ஜலத்தை விட்டு உருக்குவதே முறை. கூரை விளிம்பிலிருந்து சொட்டும் நீரும் விழும் பனிப்பாளமும் பெட்டிமேல் படாமல் ஒரு சிறு தாழ்வாரம் அமைப்பது நல்லது.

வீட்டுக்குள்ளே செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்று. ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது. உள்பெட்டியின் மூடியைத் தூக்கினால் தூசி வடிகட்டும் வலை தெரியும். குளிர்காலத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதை எடுத்துச் சுத்தம் செய்து, ஈரமில்லாமல் உலர்த்தி மாட்ட வேண்டும். சமையலறைக்கு அருகில் பெட்டி இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கும் சேரும். வாரந்தோறும் பார்த்தாலும் மிகையில்லை. பத்து நிமிஷ வேலை. பத்து வயதுக் குழந்தையும் செய்யலாம்.

இரவில் அணைத்துவிட்டுக் காலையில் ஏற்றும் சிக்கனம் இங்கே பெரும்பாலும் பலிப்பதில்லை. குளிர்ந்துபோன வீட்டை அவசரமாகச் சூடாக்கும்போது யந்திரம் மூச்சுமுட்ட உழைக்கும், லாபம் குறைந்துவிடும். ஒரே நிதானத்தில் ஓடவிடுவதே மேல். சூடான காற்று தானாக மேலே ஏறும் ஆகையால், குளிர்காலத்தில் காற்றுவாய் தரையை நோக்கி இருக்க வேண்டும்.

எவ்வளவு நல்ல யந்திரமானாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. வட நார்வேயில் கராஷோக் என்ற ஊரில் 1886-ல் பூஜ்யத்துக்குக் கீழே 51.4 டிகிரி பதிவாகியிருக்கிறது. அத்தகைய பிரதேசத்தில் வாழ்கிறவர்கள் விறகடுப்பைக் கைவிடுவதில்லை. மின்சாரம் நின்றாலும் விறகு எரியுமல்லவா? அந்தப் பக்கத்து மீன் பதனிடும் ஆலைகளில் 1980-களில் வேலைக்குச் சேர்ந்த இலங்கைத் தமிழர்கள் இந்தப் பாடத்தை நேரிலேயே கற்றிருப்பார்கள். வெயிலில் பிறந்தவர்களுக்கு அது சாமான்யமான பாடமா?

வசந்தமும் கோடையும்

மே 17 நார்வேயின் தேசிய தினம். அதற்கு முன்பே அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடித் தெருவையும் தோட்டத்தையும் துப்புரவு செய்வது அங்கே வழக்கம்; 'டுக்னாட்' என்று பெயர். வெளிப்பெட்டியைக் குளிப்பாட்டுவதற்கும் அதுவே தருணம். குளிர்காலத்து அழுக்கோடு, வசந்தத்தில் பர்ச் மரங்கள் உதிர்க்கும் மகரந்தமும் தகடுகளின் இடுக்குகளில் அடையும். முதலில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மிருதுவான தூரிகையால் தட்டி, சாதாரணக் குழாய் ஜலத்தை மெதுவாகப் பாய்ச்சினால் போதும். வேகமாகப் பீய்ச்சும் யந்திரக் குழாய் கூடாது. தகடுகள் நெல் சாய்ந்தாற்போல் சாய்ந்துவிடும்.

கோடையில் இதே யந்திரம் திசை மாறி, வீட்டின் உஷ்ணத்தை வெளியே இறைக்கும். இப்போது ஈரம் உள்பெட்டியில் சேரும். வடிகுழாய் அடைத்துக்கொண்டால் சுவர் நனையும்; பூஞ்சை பிடித்தால் துர்நாற்றம் வீசும். குளிரூட்டி முடித்தபின் சிறிது நேரம் விசிறியை மட்டும் ஓட்டி உள்ளே உலர்த்திவிடுவது நலம். குளிர்ந்த காற்று கீழே இறங்கும் ஆகையால், காற்றுவாயை இப்போது மேல்நோக்கித் திருப்ப வேண்டும்.

நிபுணருக்கு உரியது

மேலே சொன்னவை வீட்டார் செய்யக்கூடியவை. அமுக்கி, மின்சார இணைப்பு, உள்ளே ஓடும் திரவம் ஆகியவற்றைச் சான்றிதழ் பெற்ற நிபுணர்தான் தொடவேண்டும். திரவத்தின் விஷயத்தில் சட்டமே அப்படி இருக்கிறது. காரணமும் உண்டு. ஆர்-32 தீப்பற்றக் கூடியது. வெளியே கசிந்தால் கரியமில வாயுவைவிட அறுநூறு மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக் கூடியது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தத் திரவம் விளக்கெண்ணெய் போல் செலவாகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அது வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். "திரவம் குறைந்துவிட்டது; ஊற்றிவிடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால், "கசிவு எங்கே?" என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

இந்தக் கேள்வி நம் ஊருக்கும் பொருந்தும். சென்னையிலும் மதுரையிலும் வீட்டுச் சுவர்களில் தொங்கும் ஏர்கண்டிஷனர் இதே கமலைதான். பெரும்பாலும் ஒரு திசையில் மட்டும் இறைக்கிறது. அதற்கும் வலை உண்டு; வடிகுழாய் உண்டு; அடைத்தால் ஓசையில்லாமல் பணத்தைத் தின்னும் குணமும் உண்டு. சித்திரை வெயில் வருமுன் நாம் செய்ய வேண்டியதைத்தான் நார்வேக்காரன் பனி விழுமுன் செய்கிறான். மாட்டுக்கு வைக்கோல் போட்டால் மட்டும் போதாது; சாலில் ஓட்டை இருக்கிறதா என்று அவ்வப்போது குனிந்து பார்க்கவும் வேண்டும். அப்படிப் பார்க்கிற வீட்டில் குளிரும் அடங்கும், செலவும் அடங்கும்.