உருண்ட கல்லெல்லாம் டைனோசர் முட்டையா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கிணறு வெட்டும்போதும் கோடை உழவின்போதும் விசித்திரமான கற்கள் கிடைப்பது புதிதல்ல. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. காரை, உட்டத்தூர், அரியலூர் பக்கங்களில் காணும் களிப்படிவும் சுண்ணாம்புப் பாறையும் அக்கடல் விட்டுச் சென்றவை. சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரம் 18 மீட்டர் நீளமுள்ளது. 1940-இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார்.

2020-இல் குன்னத்தில் நீர்நிலை ஒன்றில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. நிபுணர்கள் பார்த்து, அவை முட்டையல்ல, கடற்படிவில் உண்டான உருண்டைகள் என்றனர். சேற்றில் புதைந்த கிளிஞ்சல் போன்ற ஒன்றைச் சுற்றிச் சுண்ணாம்பு சிறிது சிறிதாக இறுகினால் இத்தகைய உருண்டை உண்டாகிறது. முட்டையானால் ஓடு இருக்கும். ஓரிரு மில்லிமீட்டர் கனத்தில், நுண் துளைகளுடன், உள்ளிருக்கும் கல்லினின்று தனித்துத் தெரியும். உருண்டைக் கல்லில் அப்படி ஓடு இராது. உள்ளே ஒரே கல்லாகவோ, வெங்காயம் போல் அடுக்கடுக்காகவோ இருக்கும். இதற்காக முழுக் கல்லைச் சம்மட்டியால் உடைக்க வேண்டாம். ஏற்கெனவே உடைந்த விளிம்பைப் பார்த்தாலே போதும்.

உயிரினத்தின் அடையாளம் ஒழுங்கு. ஆட்டுக்கடாவின் கொம்பு போல் சுருண்டு, சீரான இடைவெளியில் வரிகள் ஓடினால் அது அம்மோனைட் என்னும் கடல் உயிரின் ஓடு. நேபாளத்துச் சாளக்கிராமமும் இவ்வினமே. தோட்டா போல் நீண்டு ஒரு முனை கூர்ந்தவை, கணவாய்க்கு உறவான பழைய உயிர்களின் எச்சங்கள். கல்மரத்தில் மரத்தின் இழையும் வளையமும் தெரியும். கத்தியால் கீறினாலும் கோடு விழாது.

ஏமாற்றும் கற்களும் உண்டு. பாறை வெடிப்பில் பெரணி இலை போல் படர்ந்த கறுப்புக் கோலம் செடியன்று. மாங்கனீசு ஊறிப் படிந்தது.

உட்டத்தூர்க் களிமண்ணில் வரும் பழுப்புக் கணுக்களில் பாஸ்பேட் உண்டு என்பது உண்மை. ஆனால் அவற்றைப் பொடித்துக் கரிசலில் இட்டால் பயனில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது கரையாது. புளிப்பு நிலங்களுக்கே ஏற்றது.

உழவர் கவனிக்க வேண்டிய இன்னொரு கல், யாரும் திரும்பிப் பாராத சுக்கான் கல். பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். அது மிகுந்த நிலத்தில் நிலக்கடலையின் இளம் இலைகள் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளுத்தால் இரும்புச் சத்துக் குறைவு என்று கொள்ளலாம். 100 லிட்டர் நீரில் அரை கிலோ அன்னபேதி கரைத்து, இலை நனையத் தெளித்தால் குணம் தெரியும்.

புதைபடிவம் என்று ஐயம் தோன்றினால் கல்லைக் கழுவித் துடைப்பதும், விலைக்குக் கேட்பவரிடம் கொடுப்பதும் கூடாது. எந்தப் புலம், எத்தனை அடி ஆழம், எந்த நிற மண் என்பது தெரியாவிட்டால் அக்கல் அலமாரிப் பொருளாகிவிடும், ஆய்வுக்கு உதவாது. கிடந்தபடியே, அளவு தெரிய அருகில் ஒரு தீப்பெட்டி வைத்துப் படம் எடுக்கலாம். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் தாளில் எழுதிக் கல்லோடு கட்டி வைத்து, வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திலோ, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சென்னை அலுவலகத்திலோ காட்டலாம்.