ஜிப்சம் சுவரில் சாமி மேடை

கூலாய் தாமான்களில் வெளிச்சுவர் செங்கல்தான். ஆனால் பெரிய அறையை இரண்டாகத் தடுக்கவோ கடைவீட்டு மாடியை அலுவலகமாக்கவோ ஜிப்சம் போர்டு பார்ட்டிஷன் வந்துவிட்டது. செங்கலுக்குப் பழகிய கை அதிலும் அதே பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி ஸ்க்ரூவை முடுக்குகிறது. பிறகு ஒருநாள் அதில் மாட்டிய சாமி மேடைத் தட்டு முன்பக்கம் சாயத் தொடங்குகிறது.

பிளக்கின் மீது குற்றமில்லை. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுவரைச் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்துவதற்காக 1911இல் ஜான் ஜோசப் ராலிங்ஸ் சணல் நாரில் செய்த ராவல்பிளக்கும், 1958இல் ஆர்தர் ஃபிஷர் செய்த நைலான் பிளக்கும் ஒரே வேலையைச் செய்பவை. ஸ்க்ரூ நுழைந்ததும் பிளக் விரிந்து, துளையின் சுவரை அழுத்தி, உராய்வால் நிற்கும். அதற்குத் திடமான, ஆழமான சுவர் வேண்டும். ஜிப்சம் போர்டோ சுமார் 12 மில்லிமீட்டர் கனம். பின்னால் வெற்றிடம். விரியும் பிளக் அதைப் பொடியாக்குகிறது.

இதைவிட முக்கியமானது நெம்புகோல் கணக்கு. பாரம் கீழே இழுப்பதை ஜிப்சம் ஓரளவு தாங்கிவிடும். முன்னால் பிடுங்கும் விசைதான் தட்டைக் கவிழ்க்கிறது. 30 சென்டிமீட்டர் அகலத் தட்டின் நடுவில் 10 கிலோ வைத்தால், பிராக்கெட்டின் அடிமுனையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள மேல் ஸ்க்ரூக்களைச் சுமார் 7.5 கிலோ விசை வெளியே இழுக்கிறது. அதே பாரத்தை விளிம்புக்கு நகர்த்தினால் 15 கிலோ. அந்த உயரத்தை 10 சென்டிமீட்டராகக் குறைத்தால் 30 கிலோ! சாமி மேடைக்கு நான் முதலில் பார்ப்பது பிராக்கெட்டின் உயரத்தைத்தான். பித்தளைக் குத்துவிளக்கும் சுவரோரமாகவே நிற்கட்டும்.

அடுத்தது, போர்டுக்குப் பின்னால் நிற்கும் எஃகுச் சட்டங்கள். பொதுவாக 40 அல்லது 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இருக்கும். சிறு காந்தத்தைச் சுவரில் நகர்த்தினால், போர்டை முடுக்கிய ஸ்க்ரூக்களில் ஒட்டிச் சட்டத்தின் இடத்தைக் காட்டிவிடும். சட்டம் கிடைக்காத இடத்தில் டோகல் போல்ட் நல்லது. பின்பக்கம் இறக்கை விரித்து, இழுவிசையைப் போர்டின் அகலமான பரப்புக்குப் பகிர்கிறது. ஆனாலும் போர்டின் வலிமையே அதன் எல்லை. ஒரு மீட்டர் நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினாலே 20 கிலோவைத் தாண்டும். அவ்வளவு பாரத்துக்குச் சட்டத்தைத்தான் நம்பவேண்டும்.

கூலாயின் ஈரத்தையும் சேர்த்து யோசிக்கவேண்டும். ஜிப்சம் படிகத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். தீ பிடித்தால் அது ஆவியாகி வெப்பம் பரவுவதைத் தாமதப்படுத்தும், அருமையான குணம். ஆனால் வெளியிலிருந்து ஊறும் நீர் போர்டை மென்மையாக்கிவிடும். குளியலறைக்கு அடுத்த தடுப்பில், பச்சைக் காகிதம் ஒட்டிய ஈரம் தாங்கும் போர்டைக் கேட்டு வாங்குவது நல்லது. தடுப்பு இன்னும் எழவில்லை என்றால், மேடை வரப்போகும் இடத்தில் சட்டங்களுக்கு நடுவே கனமான பிளைவுட் பலகை ஒன்றை வைத்து மூடச் சொல்லிவிடுங்கள்.