லங்காட் ஆற்றங்கரையின் வெண்கல முரசு

பழைய நாகரிகம் என்று பேச்சு எடுத்தாலே நம்மவர்கள் கடாரத்துக்கு, அதாவது இன்றைய கெடாவுக்குப் போய்விடுகிறோம். பூஜாங் பள்ளத்தாக்கு, புக்கிட் பத்து பகாட் சண்டி என்ற பழங்கோயில், 1025இல் ராஜேந்திர சோழன் அனுப்பிய கப்பற்படை. பெருமைப்பட வேண்டியவைதான். பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக் கெடாவுக்குக் கூட்டிப்போனவள் நான். ஆனால் சோழன் படைக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்திய கலைப்பொருளைப் பார்க்கக் காஜாங்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் பட்டணத்தை ஒட்டி ஓடும் லங்காட் ஆறு கடலைச் சேரும் சமவெளியிலேயே அது கிடைத்தது. தமிழ்ப்பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க இதைச் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

லங்காட், தித்திவங்சா மலைத்தொடரில் பிறந்து உலு லங்காட், காஜாங், பாங்கி, டெங்கில், பந்திங் என்று இறங்கி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. பந்திங் பக்கம் கம்போங் சுங்கை லாங் என்று ஒரு கிராமம். 1964இல் அங்கே ஒரு களிமண் மேட்டுக்கு அடியில் இரண்டு வெண்கல முரசுகள் கிடைத்தன. சும்மா புதைந்து கிடக்கவில்லை. ஒரு மரப்பலகையின் மேல் வைக்கப்பட்டிருந்தன. கூடவே கண்ணாடி மணிகளும் பானை ஓடுகளும் இருந்தன. ஆராய்ந்து எழுதியவர் பீக்காக் என்ற தொல்லியலாளர். அந்தப் பலகை படகு ஒன்றின் பகுதியாக இருக்கலாம் என்றும், அந்த மேடு ஒரு பெரிய மனிதரை அடக்கம் செய்த இடமாக இருக்கலாம் என்றும் கருதுகிறார்கள். எனக்கு அந்தப் பலகைதான் முக்கியம். முரசை விலைக்கு வாங்கிவிடலாம். அதைப் படகுப் பலகையில் வைத்து மண் மூடி வழியனுப்ப வேண்டுமானால் அதற்கென்று ஒரு நம்பிக்கையும் சடங்கும் கூடி நிற்கும் சனமும் வேண்டும். அப்படி ஒரு சமூகம் இந்த ஆற்றோரம் இருந்திருக்கிறது.

முரசு இங்கே வார்த்ததல்ல. வட வியட்நாமில் மா ஆற்றங்கரையில் டோங் சோன் என்ற ஊரில் 1924இல் தோண்டியபோது இந்தக் கலையின் தாயகம் தெரியவந்தது. தென் சீனத்திலிருந்து கிழக்கு இந்தோனேசியத் தீவுகள் வரை இவ்வகை முரசுகள் கிடைத்திருக்கின்றன. முகத்தட்டின் நடுவில் கதிர் விரிக்கும் நட்சத்திரம். அதைச் சுற்றி வளையத்துக்குள் வளையமாகக் கோடுகள், புள்ளிகள், தொடுகோட்டால் இணைந்த வட்டங்கள். நீள அலகுப் பறவைகள் வரிசையாகப் பறக்கும். உடலில் மேல்பாகம் புடைத்திருக்கும், இடை ஒடுங்கும், அடி மறுபடி விரியும். செம்போடு வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகம். இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்து பச்சை பூத்திருக்கிறது.

அவ்வளவு விலைமதிப்புள்ள பொருள் ஏன் இந்தச் சதுப்புக்கரைக்கு வந்தது? வெண்கலத்துக்கு வெள்ளீயம் வேண்டும். இந்தத் தீபகற்பத்தின் மேற்குக்கரை மண்ணில் அது கொட்டிக் கிடந்தது. காஜாங் வட்டாரத்திலும் பிற்காலத்தில் ஈய லம்பங்கள், அதாவது சுரங்கங்கள், இருந்தன. முரசு அந்த வணிகத்தோடு வந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

கிள்ளானிலும் 1905இல் வெண்கல மணி கிடைத்தது. தட்டையான நீள்வட்ட வாய், உடலெங்கும் இரட்டைச் சுருளாக வளையும் கோலம், ஓரத்தில் ரம்பப் பல் போன்ற முக்கோணங்கள். அதைப் போன்றதே மூவாரிலும் கம்போடியாவின் பாட்டம்பாங்கிலும் கிடைத்திருக்கிறது. கிள்ளான் மணி ஒன்று இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

இவற்றைவிடப் பழையது நமக்கு இன்னும் பக்கத்தில் கிடைத்தது. டெங்கில் அருகே ஜெண்டெராம் ஹிலிரில் 1970களில் ஈயம் தோண்டியபோது பானைத் துண்டுகள் மேலே வந்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் லியோங் சாவ் ஹெங் அவற்றை ஆராய்ந்தார். ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமை. மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டுவோமே, அந்த மூன்று கல்லையும் பானையே தன் அடியில் ஒட்டிக்கொண்டது போன்ற வடிவம். கால்கள் உள்ளே கூடானவை. ஒவ்வொன்றிலும் சின்னத் துளை உண்டு. சூளையில் வேகும்போது உள்ளே அடைபட்ட சூட்டுக்காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் கால் வெடித்துவிடும். அந்தத் துளையைப் போட்ட குயவருக்கு எத்தனை பானை வெடித்த அனுபவமோ! இதே மூன்று கால் பானைகள் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பான் காவ் என்ற இடத்திலும் உண்டு. அங்கிருந்து சிலாங்கூர் வரை ஒரே கைப்பழக்கம் பரவியிருக்கிறது.

லம்பம் தோண்டியதால்தான் பானை வெளியே வந்தது. தோண்டியதாலேயே எது எதன்மேல் கிடந்தது என்ற அடுக்கு குலைந்தும் போனது. அதை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை.

முரசைப் பார்க்கக் காஜாங்கில் எம்ஆர்டி ஏறினால் ரயில் மாறாமல் தேசிய அருங்காட்சியகமான மியூசியம் நெகாராவின் நிலையத்தில் இறங்கலாம். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. ஒருமுறை கல்விச் சுற்றுலாவில் முரசைக் காட்டி ஒரு சிறுமி, "டீச்சர், இது நம்ம ஆத்துப் பக்கமா கெடச்சது? அப்ப இது யாரோடது?" என்று கேட்டாள். தமிழர் செய்ததில்லை, மலாய்க்காரர் என்ற பெயர் வழங்குவதற்கும் முந்தியது, வார்த்தவர் வியட்நாம் பக்கத்துக்காரர், அடித்துக் கேட்டவர் இந்த ஆற்றோரத்துக்காரர் என்றேன். "அப்ப இப்ப ஆத்தோரம் இருக்கிற நமக்கும்தான்" என்றாள். அவள் சொன்னதை நான் திருத்தவில்லை. நம் தாத்தா பாட்டிகள் இந்த மண்ணில்தான் ரப்பர் நட்டார்கள், வாய்க்கால் வெட்டினார்கள்.

இன்று செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறி வருகின்றன. 2013இல் பூஜாங்கில் ஒரு சண்டியின் அடித்தளம் மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டபோது நாடே கொதித்தது. லங்காட் கரையில் இருப்பது கோயில் அல்ல, மண்ணுக்குள் கிடக்கும் பானை ஓடும் மணியும். மண்வாரி அள்ளிப் போனால் யாருக்கும் தெரியாது. அதனால் வாய்க்கால் வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ பழைய ஓடு, உலோகம், மணி எது தட்டுப்பட்டாலும் கழுவாதீர்கள், சுரண்டாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு மாவட்ட அலுவலகத்தில் தெரிவியுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி அது கண்டெடுத்தவரின் கடமை.